அம்மா சொன்ன ‘காலண்டர் படம்’: மியூனிக் பாணிக் கண்ணாடிச் சாளரங்கள் பற்றி ஒரு கேள்வி

#1 மழைக்காக்கை

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைச் சென்ற வாரம் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு அழைத்துப் போனேன். மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் தெற்குத் தாழ்வாரம் (நடுக்கூடத்தை ஒட்டிய உள் நடைவழி). அங்கே வரிசையாக ஐந்து பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் 1848இல் அன்பளிப்பாகக் கொடுத்தவை. ‘பவேரியச் சாளரங்கள்’ என்றே இங்கே சொல்கிறார்கள். திருமுழுக்கு யோவான், மூவரசர் வணக்கம், இயேசுவின் உடலை மடியில் கிடத்தி அழும் மரியா, பெந்தகோஸ்தே, ஸ்தேவானைக் கல்லெறிந்து கொல்லும் காட்சி.

அம்மா அண்ணாந்து பார்த்தார். “நம் வீட்டுக் காலண்டர் படம் போலவே இருக்கிறதே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எதிர்ப்புறம் வடக்குத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் அங்குள்ள ஐந்து சாளரங்களைக் காட்டினேன். அவை 1507க்கும் 1509க்கும் இடையில் செய்தவை. அவற்றைப் பார்த்து, “இது வேறு. இதில் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கிறது” என்றார். கண்ணாடி ஓவியம் பற்றி ஒரு வரி படித்திராதவர் அவர்.

என் கேள்வி இதுதான். ஒரே ஊர், ஒரே கட்டடம், இரண்டும் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்துச் செய்தவைதான். இடையில் முந்நூற்று நாற்பது ஆண்டுகள். அதற்குள் என்ன நடந்தது? பவேரியச் சாளரங்களின் பாணியை, பவேரியாவின் தலைநகரை வைத்து, ‘மியூனிக் பாணி’ என்று சொல்கிறார்கள். எப்படி உருவானது, ஏன் உலகமெங்கும் பரவியது, பிறகு ஏன் அதைக் கேலி செய்தார்கள்?

#2 சுண்ணாம்புக்காளவாய்

உங்கள் தாயார் நூறாண்டுக் கலை விமர்சனத்தை இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். அவருக்கு என் வணக்கம்.

மியூனிக் பாணி என்பது எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கண்ணாடியில் ஏற்றும் முயற்சி. கண்ணாடிக்கு அது பொருந்தாது. ஆக்ஸ்பர்க் பேராலயத்துக்குப் போங்கள். தெற்குச் சுவரின் மேல்வரிசையில் ஐந்து தீர்க்கதரிசிகள் நிற்கிறார்கள்: யோனா, தானியேல், ஓசேயா, தாவீது, மோசே. மோசே மட்டும் 16ஆம் நூற்றாண்டில் மாற்றிச் செய்தது. மற்ற நான்கும் ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தில் இருப்பவை. ஒவ்வொருவரும் ஆளுயரத்துக்கு மேல். நிழல் இல்லை, ஆழம் இல்லை, தட்டையாக முன்னால் பார்த்து நிற்கிறார்கள். ஈயக்கோடுதான் அங்கே வரைகோடு. புருவத்துக்கும் தாடிக்கும் கொஞ்சம் கருப்பு, அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் வெளிச்சம் செய்துகொள்கிறது.

மியூனிக்காரர்கள் செய்தது என்ன? ஈயத்தை வெட்கப்பட வேண்டிய பொருளாக நினைத்தார்கள். ஆடை மடிப்புக்குள் ஒளித்துவைத்தார்கள். பின்னணியில் மலை, மேகம், தூரத்து ஊர். சுவரில் ஓட்டை போட்டு வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி. சாளரம் சுவரின் உறுப்பு என்பதையே மறந்துவிட்டார்கள்.

#3 சின்னத்திரி

தொடக்கநிலைக் கேள்வி, மன்னியுங்கள். வண்ணக் கண்ணாடி என்றால் கண்ணாடிக்கே நிறம் உண்டு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியிருக்க ‘ஓவியம்’ எங்கிருந்து வருகிறது? மேலே பூசுகிறார்களா? பூசினால் மழையில் போய்விடாதா?

#4 சூளைமேட்டுக்காரர்

தம்பி, நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்காமலேயே விவாதம் செய்கிறார்கள். (காளவாய் ஐயாவைச் சொல்லவில்லை.) நான் சிறிய அளவில் இந்த வேலை செய்கிறவன், வீட்டு மாடியில் மின்சூளை ஒன்று வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிறம் மூன்று வழிகளில் வரும். முதல் வழி, கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடு சேர்ப்பது. கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சையோ சிவப்போ தரும். இந்தக் கண்ணாடியில் நிறம் உடல் முழுவதும் இருக்கும். சிவப்பில் ஒரு சிக்கல் உண்டு. தனிச் சிவப்பை ஜன்னல் கனத்துக்குச் செய்தால் கருப்பாகத் தெரியும்; வெளிச்சம் உள்ளே வராது. அதனால் வெள்ளைக் கண்ணாடியின் (நிறமற்ற தெளிந்த கண்ணாடியை இப்படிச் சொல்வோம்) மேல் மெல்லிய தோல் போலச் சிவப்பை ஒட்டி ஊதுவார்கள். அந்தத் தோலைச் சுரண்டினாலோ அமிலத்தில் அரித்தாலோ அடியிலுள்ள வெள்ளை தெரியும். சிவப்பு அங்கியில் வெள்ளைப் பூவேலை செய்வது இப்படித்தான்.

இரண்டாவது, வெள்ளிச் சாயம். வெள்ளி உப்பைக் குழைத்துக் கண்ணாடியின் பின்புறம் தடவிச் சுட்டால் அந்த இடம் மஞ்சளாகும், வெளிர் எலுமிச்சையிலிருந்து ஆழ்ந்த பொன்னிறம் வரை. சூட்டைப் பொறுத்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்தது. ஒரே கண்ணாடித் துண்டில் வெள்ளை முகமும் பொன் முடியும் வந்ததால் இடையில் ஈயம் தேவைப்படவில்லை. ஆக, ஈயத்தைக் குறைக்கும் ஆசை மியூனிக்கில் பிறந்தது இல்லை. அது ஐந்நூறு ஆண்டு முந்தியது.

மூன்றாவது, பூசிச் சுடுவது. பழைய முறையில் இது ஒரே நிறம்: கருப்பு அல்லது பழுப்பு. இரும்பு அல்லது செம்பு ஆக்சைடும் எளிதில் உருகும் கண்ணாடித் தூளும் கலந்த கலவை. சுமார் 600 முதல் 650 டிகிரி செல்சியஸில் சுட்டால் அது உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காகச் சுட்டிருந்தால் மழை ஒன்றும் செய்யாது. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் எழுதிய துறவி இந்த வேலை முழுவதையும் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். வெள்ளையடித்த பலகையில் படம் வரைவது, காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளப்பது, சூளை கட்டுவது எல்லாம் அதில் உண்டு. அவர் ஜெர்மன் நிலத்தவர் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து எனாமல் வந்தது. நீலம், பச்சை, ஊதா என்று பல நிறத் தூள்களை வெள்ளைக் கண்ணாடியில் தூரிகையால் பூசிச் சுடலாம். சிறிய படங்களுக்கு அற்புதமான வசதி. ஆனால் எனாமலும் அடியிலுள்ள கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிரும். நானே ஒரு பிள்ளையார் முகத்தை நான்கு முறை சுட்டு, நான்காவது முறை சூட்டை இருபது டிகிரி கூட்டிவிட்டு, காலையில் திறந்து பார்த்தால் தும்பிக்கை இருந்தது, கண் இல்லை. சூளை எடுத்துக்கொண்டது.

இப்போது மியூனிக் பாணிக்கு வருகிறேன். அவர்கள் மூன்று வழிகளையும் ஒரே சாளரத்தில் கலந்தார்கள். உடலோடு நிறமுள்ள கண்ணாடி, அதன்மேல் வெள்ளிச் சாயம், அதன்மேல் கருப்பும் எனாமலும். பெரிய பெரிய துண்டுகள். முகத்தில் அகன்ற மென்மயிர்த் தூரிகையால் கலவையைப் பூசி, தூரிகை நுனியால் குத்திக் குத்திப் புள்ளியாக்கி, காய்ந்தபின் ஊசியால் சுரண்டி வெளிச்சத்தை எடுப்பார்கள். சுட்டபின் மறுபடி பூசுவார்கள். நல்ல மியூனிக் சாளரத்தில் ஒரு கிழவரின் கையைக் கிட்டே போய்ப் பாருங்கள், நரம்பு தெரியும். திறமையில் குறை சொல்ல என்னால் முடியாது.

#5 பிழைதிருத்தி

வேலைமுறையை அழகாகச் சொன்னீர்கள் ஐயா. நான் ஆண்டுகளைச் சேர்க்கிறேன். இரண்டு இடங்களில் காளவாய் அவர்களோடு முரண்படவும் செய்கிறேன்.

16ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஜெர்மன் நாடுகளில் ஆலயச் சாளர வேலை வெகுவாகக் குறைந்தது. பரோக் காலத்து ஆலயங்கள் வெள்ளைச் சுவரையும் தெளிந்த கண்ணாடியையும் விரும்பின. 1800ஐ ஒட்டி இன்னொரு அடி. ரைன் கரையிலும் பவேரியாவிலும் மடங்களின் சொத்துகளை அரசுகள் கையகப்படுத்தின. சாளரங்கள் கழற்றப்பட்டு விற்பனைக்கு வந்தன. போப்பார்ட் நகரக் கார்மேல் மடத்துச் சாளரங்கள் 1440களில் செய்தவை. 1818இல் இளவரசர் பியூக்லர் வாங்கினார். இன்று அவற்றின் துண்டுகள் நியூயார்க்கிலும் கிளாஸ்கோவிலும் இருக்கின்றன. ‘தொலைந்த கலை’ என்ற புலம்பல் அந்தச் சமயத்தில்தான் கிளம்பியது. உண்மையில் கலை முற்றிலும் தொலையவில்லை. சுவிட்சர்லாந்தில் சிறு சாளர ஓவியங்கள் நெடுங்காலம் தொடர்ந்தன. இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் பெக்கிட் 1795இல் இறக்கும்வரை வேலை செய்தார்.

நியூரம்பர்க்கைச் சேர்ந்த மிக்கேல் சிக்மண்ட் ஃபிராங்க் என்பவர் பீங்கான் வண்ணங்களோடு பழகியவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழைய கண்ணாடி வண்ணங்களை மீட்கச் சோதனைகள் செய்தார். பிறகு மியூனிக்கின் அரச பீங்கான் ஆலையில் இடம் கிடைத்தது. 1827இல் முதலாம் லூட்விக் அந்த ஆலையை ஒட்டியே அரச கண்ணாடி ஓவிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதை நீண்டகாலம் வழிநடத்தியவர் மேக்ஸ் எமானுவேல் ஐன்மில்லர். அவரும் பீங்கான் அலங்காரத்திலிருந்து வந்தவர்தான். முதல் பெரிய வேலைகளுள் ஒன்று ரேகன்ஸ்பர்க் பேராலயத்துக்கு. அடுத்து மியூனிக்கின் ஆவ் பகுதியிலுள்ள மரியாஹில்ஃப் ஆலயத்துக்கு. பீங்கானில் பழகிய கை கண்ணாடிக்கு வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த மழமழப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

இப்போது முரண்பாடு. ஈயத்தை ஒளித்தார்கள், ஆழம் காட்டினார்கள் என்கிறீர்கள். மியூனிக் ஃபிராவன் ஆலயத்தில் 1480களில் ஸ்ட்ராஸ்பர்க்கின் பீட்டர் ஹெம்மல் பட்டறை செய்த ஷார்ஃப்சாண்ட் சாளரம் இருக்கிறது. அதிலும் நிழல் உண்டு, செழித்த ஆடை உண்டு, முகபாவம் உண்டு. கண்ணாடிக்காரர்கள் ஓவியர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது பழைய கதை. இரண்டாவது, கொலோன் வடக்குத் தாழ்வாரச் சாளரங்களே அந்த ஊர் ஓவியர்களின் வரைபடங்களை ஒட்டிச் செய்தவை. மழைக்காக்கையின் தாயார் ‘ஆளைத் தேட வேண்டியிருக்கிறது’ என்றது குலச்சின்னக் கேடயங்களும் கட்டட அலங்காரங்களும் நெருக்கியிருப்பதால்.

#6 மழைக்காக்கை

1848 என்று பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் லூட்விக் முடி துறந்தார். நடனக்காரி லோலா மோன்டெஸ் விவகாரத்தில் ஊரே கொந்தளித்திருந்தது, புரட்சியும் சேர்ந்துகொண்டது. பேராலயத்தின் 600ஆம் ஆண்டு விழா ஆகஸ்டில். ஆக, ‘மன்னர் அன்பளிப்பு’ திறக்கப்பட்டபோது அவர் மன்னராக இல்லை!

#7 பிழைதிருத்தி

ஆமாம். அதற்குப் பிந்தைய கதையும் உண்டு. புரவலர் போனபின் அரசு அந்த நிறுவனத்தைத் தொடர்ந்து தாங்கவில்லை. 1851இல் ஐன்மில்லர் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைகளைத் தேடினார். கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1850களின் பிற்பாதியில் அவர் செய்த சாளரங்கள் இருக்கின்றன.

#8 சுண்ணாம்புக்காளவாய்

கேம்பிரிட்ஜைச் சொன்னீர்கள், கிளாஸ்கோவைச் சொல்லவில்லையே? 1859 முதல் 1864 வரை கிளாஸ்கோ பேராலயம் முழுவதற்கும் மியூனிக்கிலிருந்து சாளரங்கள் தருவித்தார்கள். உள்நாட்டுக் கண்ணாடிக்காரர்கள் கொதித்தார்கள். பேராலயக் குழு கேட்கவில்லை. சில பத்தாண்டுகளில் பூச்சு மங்கத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டார்கள். மேற்குப் பெருஞ்சாளரத்தில் இன்று இருப்பது ஃபிரான்சிஸ் ஸ்பியர் 1958இல் செய்த படைப்புக் காட்சி.

ஆக்ஸ்பர்க் தீர்க்கதரிசிகள் ஒன்பது நூற்றாண்டு. கிளாஸ்கோ ஒரு நூற்றாண்டு கூட இல்லை. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

#9 சூளைமேட்டுக்காரர்

ஐயா, பிழைத்தவற்றை மட்டும் எண்ணினால் முன்னோர் எல்லோரும் மகான்களாகத்தான் தெரிவார்கள்.

இடைக்கால ஜெர்மன் கண்ணாடி எப்படிச் செய்தது? தியோஃபிலஸ் சொல்லும் கணக்கு: பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அப்படிப்பட்ட கண்ணாடி ஈரத்தை எதிர்த்து நிற்காது. வெளிப்புறம் குழிவிழும், உப்புப் பூத்து மேலே வெள்ளைப் பொருக்குப் படியும். பூச்சுக்கு அடியிலுள்ள கண்ணாடியே கரைந்தால் பூச்சு எங்கே நிற்கும்? பேராலயங்களில் நிரந்தரமாகப் பட்டறை வைத்து மருத்துவம் பார்ப்பது எதற்காக? இன்று பல இடங்களில் பழைய சாளரத்தைச் சில அங்குலம் உள்ளே தள்ளி மாட்டி, வெளியே சாதாரணக் கண்ணாடியால் இரண்டாவது சுவர் போட்டிருக்கிறார்கள். ஈரம் படாமல் இருக்க.

பூச்சு உதிர்வது மியூனிக்கின் தனிச்சொத்தும் இல்லை. இங்கிலாந்தில் 1860, 70களில் பெயர்பெற்ற பட்டறைகள் வண்ணத்தில் வெண்காரம் சேர்த்தன. குறைந்த சூட்டில் உருகும் என்பதால். முகங்கள் மறைந்துபோய், பிறகு வாங்கியவர்களிடம் பேச்சு வாங்கினார்கள். வெண்காரம் நம் தட்டான் கடையில் பற்றவைக்கப் பயன்படுவது. உருகுவதற்கு நல்லது, தண்ணீரில் நிற்காது.

கிளாஸ்கோ தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த மியூனிக் பட்டறைகள் எனாமலைக் குறைத்து, நல்ல ஊதுகண்ணாடியும் கருப்புப் பூச்சும் வைத்துச் செய்தவை இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

#10 கடல்தாண்டி

இவ்வளவு நேரமாக மன்னர், பேராலயம், குழு என்றே பேசுகிறீர்கள். நான் இருக்கும் சிகாகோவில் இந்தப் பாணியின் இன்னொரு முகம் தெரியும்.

புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்ட்கா ஆலயம், இந்த நகரின் முதல் போலந்துப் பங்கு (ஒரு குருவின் கீழ் இயங்கும் ஆலயச் சமூகம்). கட்டடம் 1881இல் முடிந்தது. சாளரங்கள் மியூனிக்கின் ஸெட்லர் பட்டறையில் செய்தவை. பக்கத்தில் அதிவேகச் சாலை போட்டபோது ஆலயத்தை இடிக்கவிடாமல் மக்கள் போராடிச் சாலையையே வளைத்தார்கள். இன்றும் காரில் போகும்போது அந்த வளைவு தெரியும். இந்த ஊர்ப் போலந்து, ஐரிஷ், ஜெர்மன் தொழிலாளர் குடும்பங்கள் கூலியில் மிச்சம் பிடித்து ஆலயம் கட்டியவை. சாளரத்தின் அடியில் கொடுத்தவர் பெயர் எழுதியிருப்பதை எத்தனையோ ஆலயங்களில் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் டியூப் லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைப்பார்களே, அதன் பெரிய வடிவம்.

அவர்களுக்கு எப்படிப்பட்ட படம் வேண்டியிருந்தது? பார்த்ததும் புரிகிற படம். குழந்தையைத் தூக்கிக் காட்டி, ‘அதோ பார், கானாவூர்க் கல்யாணம்’ என்று சொல்ல முடிகிற படம். மியூனிக் அதைக் கொடுத்தது.

தொழில் வரலாறு சுருக்கமாக: ஜோசப் கேப்ரியல் மாயர் 1847இல் மியூனிக்கில் பீடங்களும் சுரூபங்களும் (புனிதர் சிலைகள்) செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1860இல் கண்ணாடிப் பிரிவு சேர்ந்தது. மருமகன் ஃபிரான்ஸ் சேவியர் ஸெட்லர் அதில் இருந்தார். 1870இல் பிரிந்து சொந்தப் பட்டறை வைத்தார். மாமனாரும் மருமகனும் ஒரே ஊரில் போட்டி. மாயர் 1865இல் லண்டனிலும் 1888இல் நியூயார்க்கிலும் கிளை திறந்தார்கள். ஆலயத்துக்குப் பீடம், சுரூபம், சிலுவைப்பாதை, சாளரம் எல்லாம் ஒரே இடத்தில் வாங்கலாம். பங்குக் குரு வேறெங்கே போவார்? ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இன்ஸ்புருக்கில் 1861இல் தொடங்கிய தீரோல் பட்டறையும் இதே சந்தையில் இறங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா பேராலயச் சாளரங்கள் அவர்களுடையவை. சால்ட் லேக் சிட்டியின் மதலேன் பேராலயத்தில் ஸெட்லர்.

#11 சுண்ணாம்புக்காளவாய்

‘ஒரே இடத்தில் வாங்கலாம்.’ நோயின் பெயரை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஒருவர் முகம் மட்டும், ஒருவர் ஆடை மட்டும், ஒருவர் தூண் வேலை மட்டும். ஒருமுறை வரைந்த மாதிரியை ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அயர்லாந்தில் ஆலயங்கள் இப்படி இறக்குமதிக் கண்ணாடியால் நிரம்பியபோது எட்வர்டு மார்ட்டின் என்ற எழுத்தாளர் பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தார். அவர் தூண்டுதலில் ஓவியர் சாரா பர்சர் 1903இல் டப்ளினில் ‘கண்ணாடிக் கோபுரம்’ என்று பொருள்படும் பெயரில் கூட்டுப் பட்டறை தொடங்கினார். அங்கே ஒரு சாளரத்தை ஒரே கலைஞர் வரைவதிலிருந்து பூசுவதுவரை தானே செய்ய வேண்டும் என்பது விதி. லோக்ரே பேராலயத்தில் அந்த வேலையைப் பார்க்கலாம். பாஸ்டனில் சார்லஸ் கானிக் 1913இல் பட்டறை திறந்து இடைக்கால முறைக்கே திரும்பினார். இவர்களெல்லாம் வீணாகவா கோபப்பட்டார்கள்?

#12 கடல்தாண்டி

கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் இடைக்காலப் பட்டறையில் ஆசான் ஒருவரே எல்லாவற்றையும் செய்தாரா? அங்கேயும் வெட்டுகிறவர், பூசுகிறவர், ஈயம் கட்டுகிறவர் தனித்தனிதான். நீங்கள் இடைக்காலத்தில் தேடுகிற அந்தத் தனிக் கலைஞர் 1903இல் பிறந்தவர்.

#13 சுண்ணாம்புக்காளவாய்

பட்டறை ஒரு குடும்பம். மியூனிக்கில் அது ஆலை. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதை ஏற்கிறேன்.

#14 கோலப்பொடி

நான் அச்சுப் படங்களைச் சேகரிப்பவள். மழைக்காக்கையின் தாயார் சொன்னதை எல்லோரும் வசைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அவர் சொன்னதை அப்படியே தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பவேரியச் சாளரங்களின் வரைபடங்களை மேற்பார்த்தவர் ஹைன்ரிக் மரியா ஹெஸ். அவர் நசரேயர் என்று அழைக்கப்பட்ட ஓவியர் வட்டத்தைச் சேர்ந்தவர். 1809இல் வியன்னாவில் சில மாணவர்கள் புனித லூக்கா பெயரில் சங்கம் தொடங்கினார்கள். ஓவர்பெக் அவர்களில் முக்கியமானவர். அடுத்த ஆண்டே ரோமுக்குப் போய்க் கைவிடப்பட்ட மடம் ஒன்றில் தங்கி, ரஃபேலையும் அவருக்கு முந்தியவர்களையும் ஆசானாகக் கொண்டார்கள். தெளிந்த கோடு, மென்மையான முகம், கனிந்த கண், சுத்தமான நிறம். இளவரசராக இருந்தபோதே லூட்விக் ரோமில் இவர்களைச் சந்தித்துப் பழகினார். மியூனிக்குக்கு வேலை கொடுத்து அழைத்தார்.

இதே நசரேயர் படங்களை 1840களில் டுசல்டார்ஃபில் ஒரு சங்கம் செதுக்கு அச்சில் மலிவாக வெளியிட்டது. பிறகு வண்ணக் கல்லச்சு வந்ததும் ஜெர்மன் அச்சகங்கள் பக்திப் படங்களை உலகச் சந்தைக்கு அனுப்பின. நம் கத்தோலிக்க வீடுகளில் விளக்குக்கு மேலே மாட்டியிருக்கும் திருஇருதயப் படத்தின் முகச்சாயல் எந்த வழியில் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இந்துக் கடவுள் படங்களின் அச்சுக்கும் ஜெர்மன் தொடர்பு உண்டு. 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தைப் பின்னர் வாங்கி நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பர்.

ஆகவே சாளரம் காலண்டர் மாதிரி இருக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று கண்ணாடிக்குப் போனது, ஒன்று காகிதத்துக்கு வந்தது. அம்மா முகத்தை வைத்து உறவைச் சொல்லிவிட்டார்.

#15 மழைக்காக்கை

கோலப்பொடி அக்கா, இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “நான் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னேன்? நீ ஏன் சிரித்தாய்?” என்று என்னைக் கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

#16 மட்டுறுத்துநர்

ரவிவர்மா அச்சகம் பற்றித் தனி இழை இருக்கிறது. அதைத் தொடர விரும்புவோர் அங்கே போகவும். இங்கே கண்ணாடி.

#17 சின்னத்திரி

மியூனிக் பாணி எப்போது நின்றது? இப்போது அந்தப் பட்டறைகள் இருக்கின்றனவா?

#18 பிழைதிருத்தி

ஒரே நாளில் நிற்கவில்லை. ஜெர்மனியிலேயே முதல் எதிர்ப்பு முதல் உலகப்போருக்கு முன்பே வந்தது. டச்சுக்காரரான யான் தார்ன் பிரிக்கர் நாய்ஸ் நகர மூவரசர் ஆலயத்துக்குச் செய்த சாளரங்களைத் திருச்சபை அதிகாரிகள் பல ஆண்டு மாட்டவிடவில்லை, 1919இல்தான் இடம்பெற்றன. அவரிடம் ஈயம் மறுபடி தடித்த கோடாக வந்தது. பிறகு போர்கள், சந்தை வீழ்ச்சி. 1939இல் ஸெட்லர் பட்டறை மாயரோடு இணைந்தது. மாமனார் வீட்டிலிருந்து பிரிந்தது ஏறக்குறைய எழுபது ஆண்டுக்குப் பின் திரும்பி வந்தது.

இரண்டாம் உலகப்போரில் மியூனிக்கின் மரியாஹில்ஃப் ஆலயச் சாளரங்களில் பெரும்பகுதி போயிற்று. கொலோனின் பவேரியச் சாளரங்கள் பிழைத்தன. போருக்குப் பின் இடிந்த ஆலயங்களுக்குப் புதுக் கண்ணாடி வேண்டியிருந்தது. மெய்ஸ்டர்மான், ஷாஃப்ராட், ஷ்ரைட்டர் என்று ஒரு தலைமுறை பெரும்பாலும் உருவம் இல்லாமல் கோடுகளையும் வெள்ளைக் கண்ணாடியையும் வைத்து வேலை செய்தது. ஹைடல்பெர்க் ஆலயத்தில் ஷ்ரைட்டர் 1984இல் செய்த சாளரம் ஒன்றில் ஐன்ஸ்டைனின் சமன்பாடும் ஹிரோஷிமா நாளும் எழுதியிருக்கும்.

மாயர் பட்டறை இன்றும் மியூனிக்கில் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. நியூயார்க்கில் 2017இல் திறந்த 72ஆம் தெருச் சுரங்க ரயில் நிலையச் சுவரில் ஆளுயரப் பயணிகளின் மொசைக் படங்கள் உண்டு. கலைஞர் விக் முனிஸ் வடிவமைத்தவை. அவற்றைச் செய்துகொடுத்தது இவர்கள்தான்.

#19 சூளைமேட்டுக்காரர்

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. பவேரியாவின் வால்ட்சாசன் ஊரில் லாம்பர்ட்ஸ் ஆலையில் இன்றும் வாயால் ஊதிச் சாளரக் கண்ணாடி செய்கிறார்கள். பெரிய உருளையாக ஊதி, நீளவாக்கில் கீறி, மறுபடி சூடாக்கி விரித்துத் தகடாக்குவார்கள். அதனால்தான் தகட்டில் சின்னக் குமிழும் அலையும் இருக்கும்; வெளிச்சம் அதில் பட்டு அசையும். கையால் கண்ணாடி செய்யும் அறிவை 2023இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனி உள்பட ஆறு நாடுகள் சேர்ந்து கொடுத்த விண்ணப்பம். அந்தத் தகடு ஒன்றைக் கையில் பிடித்தால் விலை மறந்துபோகும். வீட்டுக்கு வந்தபின் நினைவுக்கு வரும்.

#20 சுண்ணாம்புக்காளவாய்

மழைக்காக்கை, உங்கள் தாயாருக்கு அதே பேராலயத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த சாளரத்தைக் காட்டினீர்களா? தெற்குக் குறுக்குமண்டபத்தில். 2007இல் வைத்தது. 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரங்கள், ஒவ்வொன்றும் 9.6 சென்டிமீட்டர். உருவமே கிடையாது. அப்போதைய பேராயர் மெய்ஸ்னருக்குப் பிடிக்கவில்லை. மசூதிக்குத்தான் பொருந்தும் என்கிற மாதிரிப் பேசிச் சர்ச்சையானது. அவர் என்ன சொல்கிறார் என்று அறிய ஆவல். பேராயரை அல்ல, உங்கள் தாயாரை.

#21 மழைக்காக்கை

நேற்று மறுபடி போனோம். ரிக்டர் சாளரத்தின் முன் நெடுநேரம் நின்றார். தரையில் விழுந்த நிறங்களில் கையை நீட்டி, உள்ளங்கை பச்சையாவதையும் சிவப்பாவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சேலைக் கடையில் மாதிரித் துண்டு அடுக்கி வைத்திருப்பார்களே, அது” என்றார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “பிடித்திருக்கிறது. ஆனால் இதன்முன் என்ன வேண்டிக்கொள்வது?”

பிறகு தானாகவே நடந்து போய் பவேரியச் சாளரங்களில் மகனை மடியில் கிடத்திய மரியாவின் முன் உட்கார்ந்துகொண்டார். நான் அந்த முகத்தைக் கிட்டே பார்க்க முயன்றேன். அதற்குள் கருமேகம் மூடிவிட்டதால் சரியாகத் தெரியவில்லை. சூளைமேட்டு ஐயா, இன்னொரு முறை போனால் எந்த நேரத்தில் போவது?

#22 சூளைமேட்டுக்காரர்

தெற்குப் பக்கம் என்பதால் நண்பகலை ஒட்டி. ஆனால் கொளுத்தும் வெயிலைத் தேடாதீர்கள். நேர் வெயிலில் நிறம் பொங்கி, மெல்லிய பூச்சு வேலையை விழுங்கிவிடும். வெளுத்த மேகம் மூடிய, ஆனால் வெளிச்சமான நாள்தான் முகத்துக்கு நல்லது. இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று எடுத்துப் போங்கள். முதலில் மரியாவின் கண்ணிமையைப் பாருங்கள், பிறகு ஈயம் எங்கே ஓடுகிறது என்று முக்காட்டின் ஓரமாகத் தேடுங்கள்.